ஒன்று மல்லாந்து, ஒன்று கவிழ்ந்து

என் அண்ணி சியூஹா தினமும் மத்தியானம் மேஜையில் ஒரு கிண்ணம் சோறு கூடுதலாக வைப்பாள். பக்கத்தில் சாப்பாட்டுக் குச்சிகள் இரண்டையும் படுக்க வைப்பாள். குச்சிகள் படுத்திருந்தால் உயிரோடு இருப்பவருக்கு, சோற்றில் குத்தி நிறுத்தியிருந்தால் செத்தவருக்கு. எங்கள் தீவில் மூன்று வயதுக் குழந்தை விளையாட்டாகக் குச்சியைச் சோற்றில் குத்தினாலும் கையில் அடி விழும். அண்ணி வைத்த கிண்ணம் என் அண்ணன் தின்ஹாய்க்கு. அவன் வஞ்சிரம் பிடிக்கப் போய்த் திரும்பாமல் முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

சோறு ஆறின பிறகு அதை அவளே சாப்பிடுவாள். நான் சும்மா இருக்க மாட்டேன். "அண்ணி, அவன் வந்து உக்காந்தா இந்த ஆறின சோத்தையா போடுவீங்க?" என்பேன்.

"வரட்டும். சுட வச்சுத் தர்றேன். இத்தனை வருஷம் எவ வீட்ல சாப்பிட்டாருன்னு முதல்ல சொல்லட்டும்."

இப்படித்தான் பேசுவாள். முகத்தில் சிரிப்பிருக்காது. கேட்கிறவர்கள்தான் சிரிப்போம். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுவேன். ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் பன்னிரண்டாம் மாசம் வடகிழக்குக் காற்று பேயாக அடித்தது. எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணிக்கு இருபத்தாறு, வயிற்றில் ஏழு மாதம். படகில் போனது மூன்று பேர். நாலாம் நாள் ஒருவர் எங்கள் மணல்கரையிலேயே ஒதுங்கினார். ஆறாம் நாள் இன்னொருவரைப் பக்கத்துத் தீவில் கண்டெடுத்தார்கள். அண்ணனுக்கு என்று கிடைத்தது ஒற்றை ரப்பர் பூட்ஸ். அதுவும் அவனுடையதுதானா என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் துறைமுகத்துக் கடையில் ஒரே நாளில் ஒரே அளவில் வாங்கியிருந்தார்கள். அம்மா அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"குதிகால் தேயவே இல்லையே அத்தை. அவரு தரையைத் தேச்சுக்கிட்டேல்ல நடப்பாரு. இது அவரோடது இல்ல."

"அப்ப அவன் எங்கடி?" என்றாள் அம்மா.



கடலில் போனவனைக் கரையில் நின்று கூப்பிட வேண்டும். இலை உதிராத பச்சை மூங்கிலை மணலில் நட்டு, அதில் அண்ணனின் சட்டையைக் கட்டினோம். பூசாரி மணியை ஆட்டி, பெயரும் ஊரும் சொல்லி, "கரையேறி வா, வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டார். வந்துவிட்டானா என்பதைப் புவே கட்டை சொல்ல வேண்டும். மூங்கில் வேரில் செய்த இரண்டு பிறைகள் அவை. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்து விழுந்தால் 'ஆமாம்'. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறது என்போம், இரண்டும் கவிழ்ந்தால் கோபம் என்போம். சிரித்தாலும் கோபித்தாலும் பதில் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். ஒரே ஒரு 'ஆமாம்' விழுந்துவிட்டால் போதும். செத்தவர் பெயர் எழுதி வீட்டில் வைத்துக் கும்பிடும் பலகையில் ஆவி ஏறிவிட்டது என்று கறுப்புக் குடை பிடித்து அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். குடையோடு என் மாமா மூன்று நாள் நின்றார். அம்மா போட்டாள், மாமா போட்டார், பூசாரியே போட்டார். விழவில்லை.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் எல்லோரும் ஓய்ந்துபோனார்கள். அம்மா படகுக் கொட்டகையில் சுருண்டுவிட்டாள். அண்ணிக்குக் கால் வீங்கி, அவளையும் அங்கே உட்கார வைத்திருந்தார்கள். பூசாரி இஞ்சித் தண்ணீர் குடிக்கக் கிளம்பினார்.

"இந்தா பொண்ணு, கட்டையைப் பத்திரமா வச்சுக்க. மணல்ல போட்டுடாத," என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மூங்கிலில் அண்ணனின் சட்டை காற்றுப் புகுந்து உப்பியிருந்தது. உள்ளே ஆள் இருப்பதுபோலத் தோன்றியது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பூசாரி கேட்ட மாதிரியே கேட்டேன். அண்ணன் பெயர், எங்கள் வீட்டுப் பவளக்கல் சுவர், பின்பக்கக் கிணறு, அம்மா பெயர், அண்ணி பெயர் எல்லாம் சொல்லி, "அண்ணா, நான் பியோக். வந்துட்டியா?" என்று கேட்டுப் பாயில் கட்டையைப் போட்டேன்.

ஒன்று மல்லாந்து, ஒன்று கவிழ்ந்து விழுந்தது.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. சட்டென்று இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்றால், கூவிச் சொன்னால் அந்த நிமிஷத்தோடு அண்ணன் செத்துவிடுவான். அதை நான் செய்ய மாட்டேன் என்று நினைத்தேன். பத்தொன்பது வயசுக்குப் புத்தி அவ்வளவுதான். அம்மா போடும்போது விழட்டும், மாமா போடும்போது விழட்டும் என்று இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி எழுந்து வந்தாள். "குடு, நான் போடறேன்," என்றாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மண்டியிட்டாள். பன்னிரண்டு தடவை போட்டாள். பன்னிரண்டும் இல்லை. சாமி சிரித்தது, கோபித்தது, மறுபடி சிரித்தது. பதிமூன்றாவது தடவைக்கு, திரும்பி வந்திருந்த பூசாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா. வராதவனை இழுத்துக்கிட்டு வர முடியாது."

அண்ணி எழுந்து நின்றாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். "வரலைன்னா, அவரு அங்க இல்லைன்னுதானே அர்த்தம்? செத்தவங்க கூப்பிட்டா வருவாங்க. உயிரோட இருக்கறவரு எப்படி வருவாரு? இதுக்கு மேல என்ன ருசு வேணும் உங்களுக்கு?"

எங்களில் எல்லோருக்கும் ஒன்று தெரியும். ஒரு தடவை பதில் சொன்ன கேள்வியை மறுபடி கேட்டால் சாமி பதில் சொல்லாது. பன்னிரண்டு தடவை ஏன் விழவில்லை என்று அந்தக் கரையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன், திறக்க முடியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

அம்மா எப்படியாவது பலகை வைத்துவிட வேண்டும் என்றாள். வைக்காவிட்டால் மகன் பசியோடு அலைவான் என்பது அவள் கவலை. உயிரோடு இருப்பவருக்குப் பலகை வைத்தால் ஆயுசு குறையும் என்பது அண்ணியின் பிடிவாதம். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் இதற்காகச் சண்டை போட்டார்கள். இரண்டு பேரும் அவனுக்காகத்தான் போட்டார்கள். அம்மா சாகும்போதும் கடைசியாகக் கேட்டது அதைத்தான். அண்ணி அழுதாள், ஆனால் தலையாட்டவில்லை.

அம்மாவின் நினைவு நாளை மட்டும் ஒரு குறையில்லாமல் செய்வாள். படையல் வைத்து ஊதுபத்தி பாதி எரிந்ததும், "சாப்பிட்டாச்சா அத்தை?" என்று கட்டை போட்டுக் கேட்பாள். 'ஆமாம்' விழும்வரை யாரும் மேஜையில் கை வைக்கக் கூடாது. எங்கள் அம்மா இருக்கும்போதே நின்று நிதானித்துத்தான் சாப்பிடுவாள். செத்த பிறகும் நாலாவது ஐந்தாவது தடவைக்குத்தான் விழும். "கிழவி மீன் முள்ளை எடுக்கறாங்க, பொறு," என்பாள் அண்ணி.

பதிவு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். இத்தனை வருஷம் காணாதவரை இறந்தவராகப் பதிந்துவிடலாம், ஒரு கையெழுத்துப் போதும் என்றார்.

"செத்துட்டாருன்னு ருசு இருக்கா?" என்றாள் அண்ணி.

"உயிரோட இருக்காருன்னு உங்ககிட்ட இருக்காம்மா?"

"நான் எதையும் மாத்தச் சொல்லலையே. உங்க புஸ்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கட்டுங்கறேன். மாத்தணும்னு வந்தது நீங்க. நீங்கதான் கொண்டுவரணும்."

அவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கையெழுத்தை அவள் கடைசிவரை போடவில்லை.

பல வருஷம் அடைத்துக் கிடந்த எதிர்க்கரை நாட்டுக்குப் போகலாம் என்று ஆனபோது, கடல் தாய் மாசோவின் கோயிலுக்குப் போன யாத்திரைக் கூட்டத்தோடு அண்ணியும் போனாள். காற்றில் ஒதுங்கிய படகுகளை அந்தப் பக்கம் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அண்ணனின் போட்டோவை எடுத்துக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகக் காட்டியிருக்கிறாள். ஒரு வலைக்காரர் பார்த்த மாதிரி இருக்கிறது என்றாராம். யாரைக் காட்டினாலும் அப்படிச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அண்ணி திரும்பி வரும்போது அண்ணன் அளவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தாள். அது வாசல் ஓரத்தில் வருஷக்கணக்காகத் துடைத்தபடி இருந்தது.

அண்ணன் மகள் ஹுய்சிங் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டுவிட்டார்கள். அத்தனையையும் அண்ணி அடுப்பில் போட்டு மறுபடி அடிக்க வைத்தாள். அப்பா முகத்தையே பார்த்திராத பெண் அது. என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "அத்தை, எனக்கு அப்பா இருக்காரா இல்லையா, நீங்களாவது சொல்லுங்க," என்றாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பொய் சொல்லியே பழகிவிட்டது.

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். "ரெண்டு கட்டையைப் போட்டா பாதிக்குப் பாதி விழும். இதுல சாமி எங்க வந்தாரு?" என்பார். அவரே மகனின் பரீட்சைக்கு முன் யாரும் பார்க்காத நேரத்தில் கோயிலில் கட்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் யாரோ கேட்ட மாதிரி அவரிடம் கேட்டேன்: தொடர்ந்து பன்னிரண்டு தடவை விழாமல் போகுமா?

"நாலாயிரத்துச் சொச்சத்துல ஒரு தடவை நடக்கும்," என்றார். "நடக்கவே நடக்காதுன்னு சொல்ல முடியாது."

அது எனக்கு எந்தப் பக்கமும் உதவவில்லை. நான் போட்ட ஒரு தடவை வெறும் பாதிக்குப் பாதி. அவள் போட்டது நாலாயிரத்தில் ஒன்று. கணக்குப்படி பார்த்தால் அவள் கையில்தான் பெரிய ருசு இருந்தது. ஆனால் கட்டை விழுந்ததைப் பார்த்தவள் நான். மல்லாந்த கட்டையில் ஒட்டியிருந்த மணல்கூட இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஏழாம் மாசம் ஊரே கூடி, கேட்பாரற்ற ஆவிகளுக்கு மேஜை மேஜையாகச் சாப்பாடு வைப்போம். அதில் ஒரு மூலையில் அண்ணனுக்குப் பிடித்த கணவாய் ஒரு தட்டு நான் வைப்பேன். பெயர் சொல்ல மாட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக வந்தால் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் அண்ணிக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுக்கவும் முடியாதாம். மூன்று மாதமோ நாலு மாதமோ என்றார்கள். ஹுய்சிங் தான் வாழ்க்கைப்பட்ட ஊருக்கு வரச் சொன்னாள். அண்ணி வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. ஒரு நாள் காலையில் முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவள் தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"பியோக், எனக்கப்புறம் அந்தக் கிண்ணத்தை நீ வை."

நான் உரிப்பதை நிறுத்தினேன்.

"தினமும் வேணாம், உனக்கும் வேலை இருக்கு. ஒண்ணாந்தேதி, பதினஞ்சாந்தேதி வச்சாப் போதும். குச்சியைப் படுக்கதான் வைக்கணும். நான் போயிட்டேன்னு அவருக்கும் சேர்த்துப் பலகை பண்ணிடாதீங்க. என் மேல சத்தியம் பண்ணு."

ஒரு கையில் கடலைத் தோல், ஒரு கையில் கடலை. இரண்டையும் கீழே போட்டேன். அந்தச் சத்தியத்தைச் செய்தால் என் பொய்யை நானே ஆயுசு முழுக்கப் படைக்க வேண்டும். அவளும் போய்விட்டால் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் ஆளே இருக்காது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூசாரி கட்டையைக் கொடுத்தது, சட்டை உப்பியது, நான் கேட்டது, விழுந்தது, எடுத்து மறைத்தது.

அவள் கையில் இருந்த கடலையை முகத்தில் வீசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கேள்வி கேட்டாள்.

"அவரு பேரைச் சொன்னியா?"

"சொன்னேன்."

"ஊரு, வீடு?"

"கிணறு முதக்கொண்டு சொன்னேன் அண்ணி."

"என் பேரு?"

"சொன்னேன்."

"பாயிலதான் விழுந்துச்சா? ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு நிக்கலையே?"

"இல்ல. ஒரு முழம் தள்ளித் தள்ளி விழுந்துச்சு."

"அப்ப வந்துட்டாரு," என்றாள்.

கடலை மட்டும் உடைந்துகொண்டிருந்தது. பிறகு சொன்னாள்: "அன்னிக்கே நீ சொல்லியிருந்தா அழுதிருப்பேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் அழுதிருப்பேன். ஆனா அவருக்கு ஒழுங்காச் சோறு போட்டிருப்பேன்டி."

"தினமும் வச்சீங்களே அண்ணி. ஒரு நாள் தவறலையே."

"பத்தி கொளுத்திக் கூப்பிடலையே! கூப்பிடாதவங்களைக் கதவுச் சாமி உள்ள விடுமா? வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு. நான் அவரு சோத்தை அவரு கண்ணு முன்னாடியே தின்னிருக்கேன்."

"ஏழாம் மாசம் நான் ஒரு தட்டு வைப்பேன் அண்ணி, கணவாய்..."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அநாதைங்க பந்தியிலயா? என் வீட்டுக்காரரையா?"

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் போனேன். அடுப்படி முழுக்கப் புகை. நிற்கவே முடியாத உடம்பை வைத்துக்கொண்டு அவள் சமைத்துக்கொண்டிருந்தாள். வஞ்சிரம் பொரித்திருந்தாள். கணவாய்க் கஞ்சி, பூசணிக்காய் போட்ட அரிசிச் சேமியா, பீர்க்கங்காய், கோசு வற்றல் எல்லாம் இருந்தது. நான் கரண்டியை வாங்கப் போனேன். "உக்காரு," என்றாள்.

மேஜையை நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்குத் தூக்கினோம், கதவுச் சாமிகள் தடுக்காத வெளிப்பக்கத்துக்கு. அந்த ஜோடிச் செருப்பை மேஜைக்குக் கீழே வைத்தாள். கிண்ணத்தில் சோற்றைக் குவித்தாள். குச்சிகளை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு இரண்டையும் சோற்றில் குத்தி நிறுத்தினாள்.

என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணன் இப்போதுதான் செத்தான் என்று தோன்றியது.

ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் அவன் பெயரை வாய்விட்டுச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. வீட்டில் 'அவரு', சண்டை என்றால் 'ஹுய்சிங் அப்பா'. "தின்ஹாய், வந்து சாப்பிடு. நேரமாயிடுச்சு, கோவிச்சுக்காத," என்றாள்.

பத்தி பாதி எரிந்ததும், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக் கட்டை போட்டாள். இல்லை. சோற்றை மாற்றிச் சூடாக வைத்தாள். மறுபடி பத்தி, மறுபடி கட்டை. இல்லை. வெயில் உச்சிக்கு வந்தது. கஞ்சியைச் சுட வைத்துக் கொண்டுவந்தேன். இல்லை. எட்டாவது தடவையும் விழாதபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் சாப்பிடறாரு," என்றாள். "எத்தனை வருஷப் பசி பாரு."

"அண்ணி, போதும். உள்ள வந்து படுங்க."

"அவரு எந்திரிக்காம நான் எப்படி எந்திரிக்கறது?" கட்டைகளை என் பக்கம் நீட்டினாள். "நீ போடு. நீ கேட்டாதான் அவரு சொல்வாரு."

முப்பத்தெட்டு வருஷமாக நான் புவே கட்டையைத் தொட்டதில்லை. கோயிலில்கூட வீட்டுக்காரரையோ பிள்ளையையோதான் போடச் சொல்வேன். மண்டியிட்டேன். அண்ணன் பெயர், வீடு, சுவர், கிணறு, அண்ணி பெயர் எல்லாம் சொன்னேன். "அண்ணா, நான் பியோக். வயிறு நிறைஞ்சுதா? அண்ணி ரொம்பக் களைச்சுட்டாங்க," என்று கேட்டுக் கீழே போட்டேன்.

ஒன்று மல்லாந்து, ஒன்று கவிழ்ந்து விழுந்தது.

போட்டதும் எடுப்பது வழக்கம். என் கை தானாகப் போனது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். உடம்பில் சதையே இல்லை, ஆனாலும் வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள்.

"எடுக்காத," என்றாள். "இந்தத் தடவை நானும் பாக்கறேன்."